மலையில் மட்டும் எரியாத அடுப்பு

துப்பறிவாளர் கிருபாசங்கர் காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, குற்றவாளிகளைப் பற்றிச் சிந்திப்பது அன்று; எண்ணெய் விடுவது. மேசை இழுப்பறையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுப்பார். கதவின் கீலுக்கு விடுவார், பூட்டுக்கு விடுவார், சுழல் நாற்காலியின் அடியில் குனிந்து விடுவார். குடையின் விசைக்கும் தவறாமல் விட்டுவிட்டு, விரல்களில் எஞ்சியதைத் தம் தலையில் தடவிக்கொள்வார். கீச்சென்று ஓசையிடும் எந்தப் பொருளையும் அவர் காது பொறுப்பதில்லை. அது யாருடைய பொருள் என்றும் கை பார்ப்பதில்லை. ஒருமுறை தபால்காரர் பேசிக்கொண்டு நின்றபோதே அவருடைய சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு அனுப்பியவர் அவர். பிறகு அதைப் பற்றி விசாரித்தபோது, "நானா?" என்று வியந்தார்.

கோவையின் தலைசிறந்த துப்பறிவாளர் என்று அவருடைய விசிட்டிங் கார்டு சொல்லும். வேறு யாரும் அவ்வாறு சொன்னதாகத் தகவல் இல்லை. அவர் துலக்கிய வழக்குகளுள் பெரியது, காணாமற்போன நாய் ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்த நாய் தானாகவே வீடு திரும்பிய நேரத்தில் இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்பதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

கோவையின் கணபதிப் பகுதியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். துப்பறியும் கதைகளில் வழக்கு நுழையும்போது இடி இடிப்பது மரபு. இங்கே பக்கத்துக் கிரைண்டர் பட்டறையில் ஒரு கல் உருண்டு விழுந்தது. பாலுசாமி உள்ளே நுழைந்தார்.

"ஏப்பா சங்கரு, என்ற மானமே போச்சு!"

"உக்காருங்க சார்," என்றாள் உதவியாளர் லோகப்பிரியா, பேனாவைத் திறந்துகொண்டு. "கடைசியா எங்க பாத்தீங்க? நாய் கேசுலயும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சோம்."

பாலுசாமி, கிருபாசங்கரோடு ஒரே வகுப்பில் படித்தவர். பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர்ப் பம்ப் செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். அவர் கொண்டுவந்த துணிப்பையிலிருந்து மேசைமேல் இறங்கியது ஓர் அடுப்பு. மூன்று மடக்குக் கால்கள், உள்ளங்கையளவு எரிவாய், ஒரு மெல்லிய குழாய், அதன் மறுமுனையில் சிவப்பு அலுமினியப் புட்டி. புட்டியின் கழுத்தில், நம் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு இருப்பதுபோல் காற்றடிக்கும் சிறு பம்ப்.

"பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், எதை ஊத்துனாலும் எரியும். பனிமலை ஏறுறவங்க தூக்கிட்டுப் போற அடுப்பு," என்றார் பாலுசாமி, லோகப்பிரியாவிடம். "பனியில எரியறது நம்மூரு மலையில எரியலீன்னா, தப்பு அடுப்பு மேலயா, ஆளு மேலயா?"

நடந்தது இது. பாலுசாமியின் மகள் ரித்திகாவுக்கு வரன் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. மலையேற்றத்தில் ஆசை கொண்ட சம்பந்தி குடும்பத்தாரை, சத்தியமங்கலத்துக்கு மேலே காட்டை ஒட்டிய ஒரு கூடார முகாமுக்கு அவர் அழைத்துச் சென்றார். விடியலில் ஒரு பாறையின் உச்சிக்கு ஏறி, சூரியன் எழுவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பது என்பது ஏற்பாடு. காட்டோரமாதலால் விறகு மூட்டக் கூடாது. முகாமின் சமையலாளும் வழிகாட்டியுமான தமிழ்ச்செல்வன், கீழேயே காப்பி போட்டு ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றான். பாலுசாமி கேட்கவில்லை. புதிய அடுப்பைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுப்பு எரியவில்லை. சூரியன் வந்தது, காப்பி வரவில்லை. வேறொரு விசேஷத்துக்குப் போகவேண்டிய சம்பந்தி வீட்டார் வெறுவாயோடு இறங்கிக் கார் ஏறிவிட்டார்கள்.

"ஒரு வாய் காப்பித்தண்ணி கூடக் குடுக்காம சம்பந்தியை அனுப்பிப்போட்டேன். ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? அவங்களும் இன்னிக்கு வரைக்கும் ஒரு போன் பண்ணல."

"பம்புல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றாள் லோகப்பிரியா.

பாலுசாமி காயம்பட்டவர்போல் நிமிர்ந்தார். "அம்மணி, தாய்மாமன் காலத்துல இருந்து பம்ப் செய்யற குடும்பம். பம்புல கோளாறுன்னா என்ற கண்ணுக்குத் தப்புமா? ஊட்டுக்கு வந்து மொட்டை மாடியில வெச்சு அடிச்சேன், ஜிவ்வுன்னு எரியுது. அடுப்பு நல்லாத்தான் இருக்குது. அந்தத் தமிழ்ச்செல்வன்தான் என்னமோ செஞ்சுபோட்டான். தான் சொன்னதைக் கேக்கலீன்னு வன்மம். இதா பாரு, அவன் கீழ எறங்கி வந்தப்ப சட்டைப்பையில இருந்து எடுத்தேன்."

அவர் மேசைமேல் வைத்தது ஒரு சிறு பித்தளை நிப்பிள், எரிபொருள் பீறிட்டு வரும் துளைமுனை. இத்தகைய அடுப்புக்கு எரிபொருளுக்கு ஏற்ப நிப்பிளை மாற்றவேண்டும். பெட்ரோலுக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு அதைவிடச் சிறிய துளையுள்ள மற்றொன்று. பாலுசாமி காட்டியது மண்ணெண்ணெய் நிப்பிள். அன்று மலையில் ஊற்றியிருந்ததோ பெட்ரோல்.

"முகாம் நடத்துற அரங்கசாமி, ஒரு நடுநிலையான ஆளு விசாரிச்சுச் சொன்னா அவனை வேலையை விட்டு அனுப்பிடறேன்னுட்டாரு. நீ பொழுதோட அவருக்கு போன் பண்ணிச் சொல்லோணும். தமிழ்ச்செல்வனையும் வரச் சொல்லியிருக்கேன்."

நடுநிலையான ஆள் என்ற சொல் காதில் விழுந்ததும் கிருபாசங்கரின் மார்பு அகன்றது. நாற்காலியும் அவரோடு சுழன்றது. அது ஓசையே எழுப்பவில்லை.

பாலுசாமி பக்கத்துப் பட்டறைகளில் சில வேலைகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சென்றார். துப்பறிவாளரும் உதவியாளரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.

"குற்றத்தை அதன் இருப்பிடத்திலேயே விசாரிக்கோணும்," என்றார் கிருபாசங்கர்.

"இருப்பிடம் சத்தியமங்கலம் மலைங்க சார். இது கணபதி மொட்டை மாடி. வடகம் காயுது."

அவர் வடகத்தை நகர்த்திவிட்டு அடுப்பை விரித்தார். இந்த அடுப்பைப் பற்றவைப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பம்பை அடித்துப் புட்டிக்குள் காற்றேற்ற வேண்டும். பிறகு திருகைச் சற்றே திறந்து, எரிவாயின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் எரிபொருள் இறங்கியதும் மூடிவிட்டு, அதைக் கொளுத்திக் குழாயைச் சூடேற்ற வேண்டும். குழாய் சூடானால்தான் எரிபொருள் ஆவியாகி நீலச் சுடராக வரும். கிண்ணத்தில் அளவுக்கு மேல் இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். கிருபாசங்கர் அதைப் படிக்கவில்லை. படித்தவரைப்போலவே திருகைத் திறந்துவைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தபடி கொளுத்தினார்.

மஞ்சள் நிறத்தில் ஒரு தீக்கொழுந்து முழ உயரம் எழுந்து அடங்கியது. சுடர் நீலமாகி, சீறிக்கொண்டு சீராக எரியத் தொடங்கியது.

"அடுப்பு நல்லாத்தான் எரியுதுங்க," என்றாள் லோகப்பிரியா. "கூடவே உங்க இடது புருவமும்."

அவர் தடவிப் பார்த்தார். பாதிப் புருவம் இருந்தது. "பரவால்ல. ஆச்சரியப்படறப்ப இனிமே ஒரு பக்கம் மட்டும் தூக்குனாப் போதும்."

அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, புட்டியிலிருந்து பம்பைக் கழற்றினார்கள். லோகப்பிரியா அதை மூக்கருகே கொண்டுபோனாள். "சார், இதுல தேங்காய் எண்ணெய் வாசம் வருதுங்களே?"

"அம்மணி, கோயமுத்தூர்ல எதுல வரலை? நான் புடிச்ச பம்புல என்ற கை வாசம் வராம மல்லிகை வாசமா வரும்?" என்று கூறி அந்தத் தடயத்தைத் தள்ளுபடி செய்தார் துப்பறிவாளர். பிறகு தம் முடிவையும் அறிவித்தார். "மலையில அவன் மண்ணெண்ணெய் நிப்பிளை மாட்டிட்டான். அவங்க இறங்கினதும் பெட்ரோல் நிப்பிளைத் திருப்பி மாட்டிட்டான். வழக்கு முடிஞ்சுது."

"நாய் கேசு மாதிரி சீக்கிரமா முடிஞ்சிருச்சுங்க," என்றாள் அவள். அவளுடைய குரலில் இருந்தது பாராட்டா என்பதை அவர் ஆராயவில்லை.

அவர்கள் அலுவலகத்துக்கு இறங்கியதும் தமிழ்ச்செல்வன் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். பேருந்தில் நின்றே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தாலும் பார்வை தாழவில்லை.

"ஏனுங்க, முகாமு வேலை போச்சுன்னா மலையில வேற ஆரும் என்னைச் சேக்கமாட்டாங்க. கெடுத்துப்போடறவன்னு பேர் வந்துரும். வீட்டுல சம்சாரம் செவ்வந்தி இப்பவே அழுதுட்டு இருக்குது. அதனால கேக்கறதை நேராக் கேளுங்க."

கிருபாசங்கர் நேராகக் கேட்பவர் அல்லர். கதை சொல்லிக் கேட்பவர்.

"ஒரு காட்டுல கரடி ஒண்ணு தேன் பொந்துக்குக் காவல் இருந்துச்சாமுங்க. தேன் நாளுக்கு நாள் கொறஞ்சுது. கரடி ஒவ்வொரு பிராணியையும் கூப்பிட்டு மோந்து பாத்துச்சாம். கொரங்கு கிட்ட வந்தப்ப தேன் வாசம் அடிச்சுது. கொரங்குதான் திருடன்னு காட்டை விட்டே தொரத்திருச்சாம்."

தமிழ்ச்செல்வன் கேட்டான்: "கொரங்கு என்ன சொல்லுச்சுங்க?"

"கொரங்கை ஆருங்க கேட்டா?"

"அதையேதானுங்க நானும் சொல்றேன்."

லோகப்பிரியா இருமலில் சிரிப்பை ஒளித்துக்கொண்டு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்கண்ணா. நான் கேக்கறேன். அன்னிக்கு என்னதான் ஆச்சு?"

"பம்பை அடிச்சனுங்க. அதுல கனமே இல்லை. காத்து ஏற ஏறக் கை கனக்கோணும் இல்லீங்களா? இது வெறும் காத்துல கையை வீசற மாதிரி போச்சு, வந்துச்சு. ஒருவேளை அடைப்பா இருக்குமோன்னு பின்னை விட்டுக் குத்திப் பாத்தேன். மண்ணெண்ணெய் நிப்பிளையும் மாட்டிப் பாத்துட்டுக் கழட்டினேன். பல்லு கிட்டுற குளுரு. கழட்டின நிப்பிள் தொலையாம இருக்கட்டும்னு பையில போட்டேன். அதைத்தான் பெரியவர் புடிச்சுக்கிட்டாரு."

"அப்பறம்?"

"அவங்க எறங்கிப் போனாங்க. எனக்கு மனசு ஆறலை. நல்லா வெயில் ஏறுற வரைக்கும் பாறை மேலயே குந்தியிருந்துட்டு, மறுபடி அடிச்சனுங்க. கை கனத்துச்சு. அடுப்பு ஜோரா எரிஞ்சுது. காப்பியும் போட்டேன். குடிக்கத்தான் ஆளில்லை."

"அப்ப நிப்பிளை மாத்துனீங்களா?"

"அதுக்கு முன்னயே, அவங்க இருக்கறப்பவே பெட்ரோல் நிப்பிளைத் திரும்பப் போட்டுட்டேன். அப்பவும் எரியலீங்க."

கிருபாசங்கரின் எஞ்சியிருந்த புருவம் மேலேறியது. லோகப்பிரியா பேனாவை மூடினாள்.

"சார், அதே ஆளு, அதே கை, அதே பெட்ரோல், அதே நிப்பிள். குளுருல எரியலை, வெயில்ல எரிஞ்சுது. நடுவுல மாறினது சூரியன் மட்டும்தானுங்க. சூரியனைக் கூப்பிட்டு விசாரிக்கிறதா இருந்தா உங்க கரடிக் கதையைச் சொல்லுங்க. இல்லீன்னா இந்தப் பம்பை மறுபடியும் குளுருக்குக் கூட்டிட்டுப் போலாம்."

"மலைக்கா?"

"கீழ பேக்கரிக்குங்க."

பேக்கரிக்காரர் முஜீப், தம் குளிர்பெட்டிக்கு முன்னால் கைகளை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். "கேக்குல பெட்ரோல் வாசம் அடிச்சா ஆருங்க பதில் சொல்றது?" பம்பின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, பாலிதீன் பையில் சுற்றி, அதையும் ஒரு டப்பாவில் அடைத்துக் காட்டிய பிறகே வழிவிட்டார். குற்றத்தின் ஒரே சாட்சி, சோடாப் புட்டிகளுக்கும் பிறந்தநாள் கேக் ஒன்றுக்கும் இடையே காவலில் வைக்கப்பட்டது. துப்பறிவாளரும் உதவியாளரும் சந்தேகத்துக்கு உரியவனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேங்காய் பன் தின்றார்கள். மற்றவர்களுடைய வழக்குகளில் இந்த இடத்தில் காரில் துரத்துவார்கள். கிருபாசங்கரின் வழக்குகளில் பெரும்பாலும் ஏதாவது தின்பார்கள்.

பம்ப் நன்றாகக் குளிர்ந்ததும் மேலே கொண்டுவந்தார்கள். பாலுசாமியும் திரும்பி வந்திருந்தார். லோகப்பிரியா பம்பைப் புட்டியில் பொருத்தி அவரிடமே நீட்டினாள். "பம்ப் பரம்பரைங்க. நீங்களே அடிங்க."

பாலுசாமி அடித்தார். அவர் முகம் மாறியது. மீண்டும் அடித்தார். தண்டு உள்ளே போயிற்று, வெளியே வந்தது, காற்று ஏறவில்லை. வாழ்நாள் முழுவதும் பம்ப் செய்த கை, கனமற்ற அந்தத் தண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

"இப்படித்தானுங்க இருந்துச்சு," என்றான் தமிழ்ச்செல்வன்.

லோகப்பிரியா பம்பின் தண்டை உருவினாள். அதன் முனையில் கிண்ணம்போன்ற ஒரு தோல் வாஷர். காற்றைப் பிடித்துத் தள்ளுவது அதுதான். வளைந்து குழாயின் சுவரைத் தழுவ வேண்டிய அந்தத் தோல், அட்டைபோல் விறைத்திருந்தது. அதன் விளிம்பெல்லாம் வெள்ளையாய் மெழுகு போன்ற ஏதோ அப்பியிருந்தது. அவள் நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்தாள். அது உருகிப் பளபளத்தது. மோந்து பார்த்துவிட்டுக் கையைப் பாலுசாமியின் மூக்கருகே நீட்டினாள்.

"தேங்காய் எண்ணெய்!" என்றார் அவர்.

"குளுருல ஒறைஞ்சு போகும். நம்ம ஊட்டுப் புட்டியே மார்கழியில ஒறையுதில்லீங்களா? கீழ இருக்கிற வரைக்கும் எளகி வேலை செய்யும். மலைக்குப் போனா விறைச்சுக்கும். மெல்லிசான மிஷின் எண்ணெய் விட்டிருந்தா இந்தத் தொந்தரவே இல்லை."

கிருபாசங்கர் துள்ளி எழுந்தார். மேசையைத் தட்டினார். அவர் வாழ்வில் இத்தகைய தருணங்கள் அரிது. அவர் அதை வீணாக்க விரும்பவில்லை.

"பாத்தியா பாலு! தமிழ்ச்செல்வன் குத்தவாளி இல்லை. மலைக்குப் போறதுக்கு முன்னாலயே, அறிவு கெட்ட எவனோ ஒருத்தன் இந்தத் தோலுக்குத் தேங்காய் எண்ணெயை உட்டிருக்கான். அவன் ஆருன்னு மட்டும் சொல்லு. உன்ற ஊட்டுல இந்த அடுப்பை ஆரு தொட்டா?"

பாலுசாமி யோசித்தார். "எங்க ஊட்டுல ஆரும் தொடலையே. மலைக்குப் போறதுக்கு முந்தின நாள் கடையில வாங்கிட்டு நேரா இங்கதானே வந்தேன்? இந்த மேசையிலதானே பெட்டியைப் பிரிச்சேன்? அம்மணி அன்னிக்கு லீவு. நீதான் பம்பை அடிச்சுப் பாத்து, 'என்ன பாலு, கீச்சு கீச்சுங்குது'ன்னே. எனக்கு போன் வந்துச்சு. பேசிட்டுத் திரும்புறேன், கீச்சு சத்தம் நின்னு போச்சு. புது அடுப்பு, பழகிருச்சுபோலன்னு நெனச்சேன்."

கதவு கீச்சிடவில்லை. நாற்காலி கீச்சிடவில்லை. ஏதேனும் ஒன்று கீச்சிட்டிருந்தால் அந்த அமைதிக்குச் சற்று உதவியாக இருந்திருக்கும். மூவரின் பார்வையும் மெல்ல நகர்ந்து, திறந்திருந்த இழுப்பறையில் தெரிந்த எண்ணெய்ப் புட்டியில் வந்து நின்றது.

"சார்," என்றாள் லோகப்பிரியா, மிக மென்மையாக. "அந்தக் கரடியோட மூக்கு நுனியில ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சுங்களா?"

கிருபாசங்கரின் கை தானாகவே மூக்கைத் தொட்டது. விரலில் எண்ணெய் மணத்தது. அந்த மணம் எப்போதும் அவரோடு இருந்தது; அதனால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"தேன் ஒட்டியிருந்துச்சும்மா," என்றார். "தூக்கத்துல அதுவே தின்னுபோட்டு, காலையில எந்திரிச்சு ஊரையெல்லாம் மோந்து பாத்திருக்குது. எவனை மோந்தாலும் தேன் வாசம்தானே அடிக்கும்? இதுல அறிவு கெட்ட எவனோ ஒருத்தன்னு வேற சொல்லிப்போட்டேன். அந்த ஒரு விசயம் மட்டும் சரியாத் துப்பறிஞ்சிருக்கேன்."

அவர் தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அரங்கசாமியை அழைத்தார்.

"வணக்கமுங்க. அடுப்பு விசயமா விசாரிச்சாச்சுங்க. குத்தவாளியைப் புடிச்சாச்சு. பேரு கிருபாசங்கர். ஆமாங்க, அதே கிருபாசங்கர்தான், இப்பப் பேசறவன். பம்புக்குத் தப்பான எண்ணெயை உட்டவன் நான். தமிழ்ச்செல்வன் மேல ஒரு தப்பும் இல்லை. அவரைப் பத்தி ஆராச்சும் கேட்டா இதையே சொல்லுங்க. நம்பலீன்னா என்ற நம்பரைக் குடுங்க."

அவர் தமிழ்ச்செல்வனின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "நான் உங்களைக் கேக்கவே இல்லை. கதை சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

தமிழ்ச்செல்வன் உடனே தலையாட்டிவிடவில்லை. "வேலை தங்கிருச்சு, சரிங்க. ஆனா அந்தப் பாறை மேல, அத்தனை பேரு முன்னால, 'என்னடா செஞ்சே'ன்னு கேட்டாங்க. அது இந்த ரூமுக்குள்ள கும்பிட்டாத் தீருமுங்களா?"

பாலுசாமி தரையைப் பார்த்தார். பிறகு, பம்பைப் பற்றி என்றுமே பேசாத தாழ்ந்த குரலில் சொன்னார்: "கேட்டது நானு. அங்கயே வெச்சுத் தீக்கறதுதான் ஞாயம். சம்பந்திக்கு நானே போன் பண்றேன்."

அடுத்த ஞாயிறு. அதே பாறை, அதே குளிர், மேகத்துக்குக் கீழே அதே பள்ளத்தாக்கு. சம்பந்தி வீட்டார் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போன் செய்யாததற்குக் காரணம், பாலுசாமிதான் தங்கள்மேல் வருத்தமாக இருப்பார் என்று எண்ணியதுதானாம். அவர்களுக்கு முன்னால் எழுந்து நின்ற பாலுசாமி, அன்று இதே இடத்தில் தாம் ஒரு நல்ல மனிதரைத் தவறாகப் பேசிவிட்டதையும், பம்ப் செய்கிறவராகிய தாம் பம்பைச் சந்தேகிக்காமல் மனிதரைச் சந்தேகித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். சம்பந்தியம்மாள் நகர்ந்து, தமக்குப் பக்கத்தில் தமிழ்ச்செல்வனுக்கு இடம் விட்டார். அவன் அமர்ந்தான்.

வேலை செய்தவர் கிருபாசங்கர். புதிய தோல் வாஷருக்கு மிஷின் எண்ணெய் விட்டிருந்தார். குளிர் தாக்காதிருக்கப் பம்பை ஸ்வெட்டருக்குள் வைத்தே மேலே தூக்கிவந்திருந்தார். மண்டியிட்டு அடித்தார், கை கனத்தது. கிண்ணத்தில் கொஞ்சமாகவே இறக்கி, திருகை மூடி, முகத்தை நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு கொளுத்தினார். அடுப்பு நீலமாகச் சீறியது.

"இன்னொரு புருவம் பத்திரமுங்க சார்," என்றாள் லோகப்பிரியா.

முதல் டம்ளரைப் பாலுசாமி வாங்கினார். சம்பந்தியைக் கடந்து நடந்து, தமிழ்ச்செல்வனின் முன்னால் குனிந்து இரு கைகளாலும் நீட்டினார். "எடுத்துக்கங்க."

தமிழ்ச்செல்வன் ஒரு வாய் உறிஞ்சினான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"காப்பியில தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்குதுங்க."

"அது தலைக்கு வெச்சதுங்க!" என்று பதறினார் கிருபாசங்கர். "கையைக் கழுவிட்டுத்தான் போட்டேன். ரெண்டு தடவை கழுவினேன்!"

தமிழ்ச்செல்வன் சிரித்தான். டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்து, காலி டம்ளரை அவரிடமே நீட்டினான்.

"இன்னொரு டம்ளர் ஊத்துங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."